வர டீயின் மேல் மிதக்கும் ஏடு: இலையின் மெழுகா, தண்ணீரின் வேலையா?

2024 மார்ச் 10, ஒரு வாசகர் கேட்டது

"பால் ஊற்றாமல் டீ போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் மேலே பளபளவென்று ஒரு ஏடு படிகிறது. தேயிலையில் மெழுகு பூசி விற்கிறார்கள், அதுதான் உருகி மேலே வருகிறது, குடலில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே முதல் கொதி தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரில்தான் டீ போட வேண்டும் என்று எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. என் மாமியார் மூன்று நாளாக முதல் தண்ணீரைக் கொட்டுகிறார். வீட்டில் சாயமே இல்லாத டீ. மெழுகு உண்மையா? திருமங்கலத்திலிருந்து கேட்கிறேன்."

மார்ச் 10, இரவு

மெழுகு உண்மை. பூசுகிறார்கள் என்பது பொய். மதுரை கீழமாசி வீதிப் பக்கம் இருபது வருடமாக டீத்தூள் விற்கிறேன். ஒரு மூட்டையில் கிலோவுக்கு ஐம்பது பைசா மிச்சம் பிடிக்கப் பாடுபடுகிற தொழில் இது. இதில் எவன் மெழுகு வாங்கிப் பூசுவான்?

மெழுகு இலையிலேயே இருக்கிறது. எல்லா இலையிலும் இருக்கிறது. அந்த ஏட்டைப் பற்றி எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். செல்லூரில் அப்பாவின் டீக்கடை. ஒருநாள் ஒருவர் வர டீ கேட்டு வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கிளாஸில் ஏடு. "கிளாஸைச் சோப்புப் போட்டுக் கழுவ மாட்டீங்களா, எண்ணெய் மிதக்குது" என்று ஒரே சத்தம். அப்பா பேசாமல் அதைக் கொட்டிவிட்டு வேறு கிளாஸில் புதிதாக ஊற்றிக் கொடுத்தார். அவர் மறுபடியும் பேப்பரில் மூழ்கினார். மறுபடியும் ஏடு. அப்போது அப்பா சொன்ன வசனம் இன்றைக்கும் காதில் இருக்கிறது: "அது இலையோட மெழுகுண்ணே. சூட்டுல இளகி மேல வருது. ஏடு கட்டுனா நல்ல தேயிலைன்னு அர்த்தம்." மனிதர் சமாதானமாகி முழுக்கக் குடித்துவிட்டுப் போனார்.

அதே வசனத்தை நானும் என் கடையில் சொல்லித்தான் விற்கிறேன். திருமங்கலத்து மாமியாரிடமும் அதையே சொல்லுங்கள். முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டாம்.

மார்ச் 11

இலையில் மெழுகா என்று இரண்டு பேர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். வாழை இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் மாவு பூசியது போல ஒரு வெள்ளை. விரலால் தேய்த்தால் போய்விடும். அது மெழுகு. புளியோதரைப் பொட்டலம் கட்ட இலையைத் தணலில் காட்டுவோம் அல்லவா? நெருப்பு பட்ட இடத்தில் மங்கலான பச்சை சட்டென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும். தணலுக்கு முன்னால் அந்தப் பளபளப்பு ஒரு கோடு போல நகர்ந்துகொண்டே போகும். மெழுகு உருகுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

கம்பம் பன்னீர் திராட்சையின் மேல் சாம்பல் பூத்தது போல இருப்பதும் மெழுகுதான். மருந்து என்று நினைத்து உப்புத் தண்ணீரில் போட்டுத் தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். மருந்து அடிப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன், கழுவித்தான் சாப்பிட வேண்டும். ஆனால் அந்தச் சாம்பல் பழத்தின் சொந்தச் சொத்து. தாமரை இலைத் தண்ணீர் போல என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தத் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கும் இலை மேல் மேடும் பள்ளமுமாகப் பூத்திருக்கும் மெழுகுதான் காரணம்.

இலையின் வெளித்தோலுக்கு மேல் இரண்டு சமாச்சாரம் உண்டு. கியூட்டின் என்று ஒரு படலம், கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று பின்னி நெய்த துணி மாதிரி. அதற்குள்ளும் அதன் மேலும் மெழுகு. மெழுகு தடவிய துணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நிற்க வேண்டிய செடிக்கு வெயிலில் உள்ளே இருக்கிற ஈரம் போகாமல் காப்பது அதுதான்.

தேயிலைக்கும் இதே கதை. கொழுந்தைத் தணலில் வாட்டும்போதே பாதி மெழுகு உருகிவிடும், மீதிதான் கிளாஸில் வருகிறது.

மார்ச் 13

வால்பாறைக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயமான கோபம். தேயிலையைத் தணலில் வாட்டுவதில்லை. வாழை இலையை வாட்டுவதும் கொழுந்தை வாட்டுவதும் பெயரில்தான் ஒன்று. ஃபாக்டரியில் வாட்டுவது என்றால் நீளமான தொட்டியில் வலை போட்டு, மேலே கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவது. மழைக்காலத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று, அவ்வளவுதான். நெருப்பு கிட்டேயே வராது. இருபது வருடம் தூள் விற்றவன் இதை எழுதினேன் என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உண்மையான சூடு கடைசியில் உலர்த்தும்போதுதான். அங்கே நூறு டிகிரியை ஒட்டிய காற்று, ஈரம் மூன்று சதவீதம் வரைக்கும் இறங்குகிறது.

மார்ச் 17, ஞாயிறு

விஷயம் கை மீறிவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் இந்த இழையைப் படித்துவிட்டு, "அப்பா, மெழுகுன்னு எப்படித் தெரியும்? தாத்தா சொன்னாருன்னா ஆச்சா?" என்று கேட்டாள். காலை ஏழு மணிக்கு அடுப்படி ஆய்வுக்கூடமானது. வீட்டம்மா இட்லி ஊற்ற இடமில்லாமல் திட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்று எவர்சில்வர் டம்ளர். ஒன்றில் எங்கள் வீட்டு போர் தண்ணீர். அதன் லட்சணம் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு வேகாது, தலை முடி தேங்காய் நார். இரண்டாவதில் குழாயில் வரும் வைகைத் தண்ணீர். மூன்றாவதில் கேன் தண்ணீர். மூன்றையும் தனித்தனியாகக் கொதிக்க வைத்து, ஒரே பாக்கெட் தூள், ஒரே கரண்டி, ஒரே நேரம், ஒரே வடிகட்டி.

பத்து நிமிடத்தில் போர் தண்ணீர் டம்ளரில் ஏடு கட்டிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயில் கழுத்து நிறம். வைகைத் தண்ணீரில் லேசாக, ஓரத்தில் மட்டும். கேன் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாதிரி நின்றது.

மூன்றிலும் ஒரே இலை. மெழுகு என்றால் மூன்றிலும் வந்திருக்க வேண்டும்.

நான் விடவில்லை. உப்புத் தண்ணீர் மெழுகை இழுக்கிறதோ என்னமோ என்று ஒரு வாதம் வைத்தேன். மகள், "சரி, அப்ப போர் தண்ணியில தூளை இரண்டு மடங்கா போடு. மெழுகுன்னா ஏடும் தடிக்கணும்ல?" என்றாள். போட்டோம். ஏடு தடிக்கவில்லை. முதல் டம்ளரைவிட மெலிசாக இருந்தது! இலை கூடினால் ஏடு குறைகிறது. அந்த இடத்தில் என் இருபது வருட வியாபார வசனம் செத்தது.

இன்னொன்றும் செய்தோம். ஏடு கட்டிய டம்ளரில் ஸ்பூன் நுனியால் மெதுவாகத் தொட்டேன். எண்ணெயாக இருந்தால் விலகி வட்டம் வட்டமாகக் கூடும், ரசத்தின் மேல் நெய் நிற்பது போல. இது அப்படி இல்லை. கண்ணாடிச் சில்லு மாதிரி நேர்கோட்டில் விரிசல் விட்டு, கூரான மூலைகளோடு தனித்தனித் துண்டாக மிதந்தது. அப்புறம் மூன்று சொட்டு எலுமிச்சை பிழிந்தாள். டீயின் நிறம் வெளுத்தது. துண்டுகள் கொஞ்ச நேரத்தில் காணாமல் போயின.

இட்லி பத்தரை மணிக்குக் கிடைத்தது.

மார்ச் 18

தேடிப் படித்ததில் எனக்கு முன்பே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோ, டியோகிராஷியஸ் ஜகன்யி என்ற இருவர். 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அங்கேயும் பலர் இது இலையிலிருந்து வரும் மெழுகு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வரியைப் படித்தபோது அப்பா மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. செல்லூர் டீக்கடையும் லண்டனும் ஒரே தப்பைச் செய்திருக்கின்றன.

அவர்கள் கண்டது இதுதான். தண்ணீரில் கால்சியமும் வேண்டும், பைகார்பனேட்டும் வேண்டும். இரண்டும் இருந்தால், டீயில் கரைந்திருக்கும் துவர்ப்புப் பொருள்கள் மேல்மட்டத்தில் காற்றோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து ஏடாகின்றன. காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில் ஏடு வராது. டீ கெட்டியானால் அதன் புளிப்பு கூடும், அதனால் ஏடு குறையும். எலுமிச்சை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பைகார்பனேட்டையும் கலைத்துவிடும். எங்கள் டம்ளரில் பார்த்த எல்லாவற்றுக்கும் விடை அந்த ஒரே கட்டுரையில் இருக்கிறது.

2021-ல் சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்திலும் இந்த ஏட்டின் உறுதியைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். தண்ணீர் கடினமாக ஆக, அதாவது அதில் சுண்ணாம்புச் சத்து கூடக் கூட, ஏடு உறுதியாகிறது, குலைத்தால் பனிக்கட்டிப் பாளம் மாதிரி உடைகிறது. என் ஸ்பூன் சோதனையைக் கருவி இல்லாமல் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மார்ச் 10 இரவு எழுதியதில் பாதி தப்பு. இலையில் மெழுகு உண்டு, சரி. கிளாஸில் மிதப்பது அது இல்லை. "ஏடு கட்டினால் நல்ல தேயிலை" என்பது முழுத் தப்பு. ஏடு கட்டினால் உங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர்.

மார்ச் 18, பின்னிரவு

மகள் சொல்லச் சொன்னாள்: கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டும் பார்த்தாள். பைகார்பனேட் வந்துவிட்டது, கால்சியம் இல்லை. டீ கன்னங்கரேலென்று ஆனது, ஏடு வரவில்லை. குடிக்கச் சகிக்கவில்லை.

மார்ச் 19

பால் டீயில் படிவது பாலாடை. அதை இங்கே கொண்டுவராதீர்கள். அது தனி வழக்கு.

மார்ச் 24

"அப்ப மெழுகுக்கு வேலையே இல்லையா? இழைத் தலைப்பை மாத்துங்க" என்கிறார் ஒருவர். வேலை இருக்கிறது. கிளாஸுக்கு வருவதற்கு முன்னால்தான் அதன் வேலையெல்லாம்.

ஆறேழு வருடத்துக்கு முன் மேகமலைக்குப் போயிருந்தேன். சின்னமனூரிலிருந்து ஏறுகிற பாதை. வளைவுக்கு வளைவு வயிறு புரளும். மேலே போனால் மேகம் தேயிலைப் பாத்திகளின் மேல் துணி உலர்த்தினாற்போலக் கிடக்கும். எஸ்டேட்டில் வேலை பார்த்த அத்தை மகன் ஒரு செடியிலிருந்து மூன்று இலை கிள்ளிக் கொடுத்தான். நுனிக் கொழுந்து, அதற்குக் கீழே இளம் இலை, இன்னும் கீழே கையளவு முற்றின இலை. "தடவிப் பாரு மாப்ள."

முற்றின இலை வார்னிஷ் அடித்தது மாதிரி. கரும்பச்சை, வழவழப்பு, மடித்தால் 'டப்' என்று முறியும். பனித்துளி அதன் மேல் பரவாமல் வழிந்து நுனியில் தொங்கியது. கொழுந்தோ கன்றுக்குட்டியின் காது போல. மெல்லிய வெள்ளை மயிர் அடியில் படர்ந்து, நகம் பட்டாலே கறுத்துப் போனது. அதாவது முற்ற முற்ற மேல்தோல் தடிக்கிறது. கொழுந்துக்கு இன்னும் சட்டை தைத்து முடியவில்லை.

அவன் காட்டிய இன்னொன்று கொப்புள நோய். இளம் இலையில் மட்டும் வட்டமாக எண்ணெய்ப் பொட்டு போலத் தொடங்கி, ஒரு பக்கம் குழிந்து மறு பக்கம் வெள்ளையாக உப்பி நிற்கிறது. பக்கத்திலேயே முற்றின இலை, அதில் ஒன்றும் இல்லை. எக்ஸோபாசிடியம் என்ற பூஞ்சை. அதன் வித்து மேகத்தோடு வந்து ஈர இலையில் உட்கார்ந்து, முளைவிட்டு, மேல்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. முற்றின இலையின் தோலைத் துளைக்க முடியாது. தென்னிந்தியாவுக்கு இந்த நோய் 1946-ல் வந்தது. அன்றிலிருந்து மழைக்காலம் வந்தால் செம்பு மருந்தோடுதான் தோட்டம். யோசித்துப் பாருங்கள்: நாம் குடிக்க விரும்புவது செடி இன்னும் சட்டை போடாத இரண்டு இலை ஒரு கொழுந்தை. பூஞ்சைக்கும் அதே ருசி.

அடுத்து வாட்டுகிற தொட்டி. (வால்பாறைக்காரர் கவனிக்க.) பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது வெளியேற இரண்டே வழி. இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கும் மூச்சுத் துளைகள், இல்லாவிட்டால் மேல்தோல். பறித்த பிறகு துளைகள் மெல்ல மூடிக்கொண்டால் மிச்ச ஈரம் மெழுகுத் தோலைத் தாண்டித்தான் போக வேண்டும். முற்றின இலை கலந்த கொழுந்து ஒரே சீராக வாடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்று துவண்டு கிடக்கும்போது இன்னொன்று விறைப்பாக நிற்கும். திராட்சையை உலர்த்துகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். அவர்கள் பழத்தைக் காரமும் எண்ணெயும் கலந்த கரைசலில் முக்கி அந்த மெழுகைக் குலைத்துவிட்டு உலர்த்துகிறார்கள். தேயிலைக்கு அப்படி எதுவும் செய்வதில்லை. பொறுமையாகக் காற்று விடுவதுதான். ராத்திரி முழுக்க.

அப்புறம் சி.டி.சி. மெஷின். 1930-ல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் கொண்டுவந்தது. பல்லுள்ள இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, நடுவில் போகிற இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வரும். இந்தக் கட்டத்தில் மேல்தோலின் கதை முடிந்துபோகிறது. உள்ளே இருந்த சாறு வெளியே வந்து, காற்றுபட்டு, பச்சை செம்பாகிறது. நம் ஊர் டீக்கடையில் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு ஊற்றினால் நொடியில் சாயம் இறங்குவதற்குக் காரணம் அந்தக் கிழிசலும் தூளின் பொடிசும்.

இதற்கு நேர் எதிர் வெள்ளைத் தேயிலை. கொழுந்தை வாட்டி உலர்த்துவதோடு சரி, நசுக்குவதே இல்லை. தோல் பெரும்பாலும் முழுசாக இருக்கும். ஒரு கடைக்காரர் என்னிடம் நூறு கிராம் வாங்கிப் போய் மறுநாளே, "சாயமே இறங்கல, பழைய சரக்கா?" என்று திருப்பிக் கொண்டுவந்தார். ஐந்து நிமிடம் ஊற வையுங்கள் என்றால், "ஐந்து நிமிஷத்துல நான் இருபது டீ போடுவேன்" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

மார்ச் 26

திருமங்கலத்து வாசகர் மறுபடி கேட்கிறார்: "எல்லாம் சரி. மெழுகு டீக்குள் வருகிறதா இல்லையா? மாமியாருக்கு ஒரு வரியில் பதில் வேண்டும்."

ஒரு வரி: மெழுகு தண்ணீரில் கரையாது, சக்கையோடு போய்விடும்.

இனி எனக்காகக் கொஞ்சம் நீளமாக. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி டீத்தூளில் குறைந்தது 32 சதவீதம் தண்ணீரில் கரைய வேண்டும். அதைத் திருப்பிப் படியுங்கள். நல்ல தூளிலேயே பாதிக்கு மேல் கரையாது! நார், கரையாத புரதம், மேல்தோல், மெழுகு எல்லாம் வடிகட்டியில் நிற்கிற சக்கையில். கொதிக்கும் தண்ணீரில் மெழுகு இளகும் என்பது நிஜம், இலை மெழுகில் பலவும் எண்பது டிகிரிக்குள் உருகிவிடும். ஆனால் உருகுவது வேறு, கரைவது வேறு. கியூட்டின் துணி உருகாது, மெழுகு அதில் ஊறிக் கிடக்கிறது. அளவும் சொற்பம். ஒரு சதுர சென்டிமீட்டர் இலைக்கு மைக்ரோகிராம் கணக்கு. துளி தப்பி வயிற்றுக்குள் போனாலும் வந்த வழியே வெளியே போகும். கறிவேப்பிலையிலும் கொத்தமல்லியிலும் நாம் தினமும் இலை மெழுகை மென்றுதான் விழுங்குகிறோம். வெற்றிலை போடுகிறவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு மெல்கிறார்கள்? சோழவந்தான் பக்கம் போய் இந்த மெழுகு பயத்தைச் சொன்னால் கொடிக்கால்காரர்கள் அடிக்க வருவார்கள்.

பழத்தின் மேல் வெளியிலிருந்து மெழுகு பூசுவது உண்டு, அது வேறு. ஆப்பிளுக்கும் மிட்டாய்க்கும் பூசுகிற கார்னாபா மெழுகும் ஒரு இலையிலிருந்து வருவதுதான், பிரேசில் பனை ஒன்றின் இலை. வீடியோ எடுத்தவர் ஆப்பிளையும் தேயிலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார் என்று தோன்றுகிறது.

முதல் தண்ணீரைக் கொட்டினால் போவது மெழுகு அல்ல. தூள் ரகத்தில் முதல் அரை நிமிடத்தில் இறங்குவதுதான் சாயமும் மணமும். மாமியார் நல்லதைக் கொட்டிவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறார். சீனாவில் சில டீக்களை ஒருமுறை அலசி ஊற்றுகிற வழக்கம் உண்டுதான், ஆனால் அது கட்டியாக அழுத்தி வருஷக்கணக்கில் வைத்த இலைக்கு. நம் பாக்கெட் தூளுக்கு அதைச் செய்வது காபி பில்டரின் முதல் டிக்காஷனை வாசல் தெளிக்கிற மாதிரி.

சாயம் கலந்த கலப்படத்தைப் பற்றிப் பயந்தால் அதற்கு வேறு சோதனை. வடிகட்டித் தாளில் கொஞ்சம் தூளைத் தூவி லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். செயற்கை நிறம் இருந்தால் உடனே தாளில் கோடு கோடாக இறங்கும். ஆரம்பத்தில் நானே ஒருமுறை மலிவு விலையில் நான்கு மூட்டை எடுத்து ஏமாந்திருக்கிறேன். யாரிடம் என்பது வேண்டாம். டீ குடித்தவர்கள் நாக்கெல்லாம் சிவந்து வந்து நின்றார்கள்.

ஏப்ரல் 2

கப்பின் உள்பக்கம் படிகிற பழுப்புக் கறையைப் பற்றி மூன்று பேர். அதுவும் இதே குடும்பம்தான், மேலே மிதந்த ஏடு ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தது. புளி போட்டுத் தேயுங்கள். பித்தளைக்குப் புளி போடுகிற அதே கை, அதே புளி. ஏட்டைக் கரைக்க எலுமிச்சை செய்ததைக் கறைக்குப் புளி செய்கிறது.

ஏப்ரல் 9

ஒரு திருத்தம், மனசு கேட்கவில்லை. மார்ச் 11-ல் இலையின் மேல் வெறும் கியூட்டினும் மெழுகும்தான் என்பது போல எழுதியிருந்தேன். தேயிலையின் மேல்மெழுகை எடுத்துச் சோதித்தவர்கள் அதில் காஃபீனையும் கண்டிருக்கிறார்கள். அதாவது நாம் தேடுகிற சரக்கு இலைக்கு உள்ளே மட்டும் இல்லை, தோலிலும் பூசிக் கிடக்கிறது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் காஃபீன் ஆகாது. அதை வாசலில் வைத்திருப்பது செடிக்குப் புத்திசாலித்தனம். வறட்சி வந்தால் மெழுகையும் கூட்டிக்கொள்ளும். செடிக்குக் கணக்குத் தெரியும்.

வெள்ளைத் தேயிலையை ஊற்றினால் டீயில் நுண்ணிய தூசி மிதக்கிறது, பூஞ்சையா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, கொழுந்தின் மயிர். கன்றுக்குட்டிக் காது என்றேனே, அது. பெக்கோ என்கிற ரகப் பெயரே அந்த வெள்ளை மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. ஆரஞ்சு பெக்கோவில் ஆரஞ்சுப் பழம் எங்கே என்று கேட்டு என்னிடம் சண்டை போட்டவர்களும் உண்டு.

ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். விடிய விடியக் கூட்டம். தம்பி செல்லூர் கடையை மூடவே இல்லை. (அப்பாவுக்கு எழுபத்தெட்டு, இப்போது கல்லாவில் மட்டும் உட்காருவார்.) நானும் போய் நின்றேன். நடுராத்திரிக்கு மேல் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்: "அப்பா, அந்த ஏடு மெழுகு இல்லையாம். போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பாம்."

கொஞ்ச நேரம் பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்பது வருஷமா சொல்லியிருக்கேனேடா" என்றார். அப்புறம், "போர் போட்டது எப்போ?" என்று தம்பியிடம் கேட்டார். தம்பி வருஷக்கணக்குச் சொன்னான். அதற்கு முன்னால் எல்லாம் கடைக்குக் குழாய்த் தண்ணீர்தான். "அப்பல்லாம் ஏடு இவ்வளவு கட்டாது. தேயிலைதான் அப்ப மட்டம், இப்ப உசத்தின்னு நெனச்சேன்" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. மனிதர் ஏட்டைச் சரியாகக் கவனித்திருக்கிறார், காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறார்.

பாய்லர் அடியில் கரண்டியால் தட்டிப் பார்த்தோம். முட்டை ஓட்டு கனத்துக்கு வெள்ளைப் படிவு, பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரிலிருந்து இறங்கிய சுண்ணாம்பு. காலையில் முதல் ஈட்டில் போடுகிற வர டீயில் ஏடு அதிகம், நாள் முழுக்கக் கொதித்த தண்ணீரில் போடுவதில் குறைவு என்று தம்பி சொன்னதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. எங்கள் போர் தண்ணீரை இன்னும் அளக்கவில்லை. கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு உடம்புக்கு விஷம் என்று யாரும் இதை வைத்து அடுத்த வீடியோ எடுத்துவிடாதீர்கள். ருசிதான் மட்டுப்படும், பாய்லர்தான் சீக்கிரம் போகும்.

மே 5

கடைக்குக் கேன் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் ஆகிறது. வர டீ தெளிவாக, செம்பு நிறத்தில், கிளாஸின் அடி தெரிய நிற்கிறது. தம்பிக்குத் தூளும் கொஞ்சம் மிச்சமாகிறதாம்.

திருமங்கலத்து மாமியார் முதல் தண்ணீரைக் கொட்டுவதை நிறுத்திவிட்டாராம். இப்போது மருமகளிடம், "நீ தண்ணியைக் கொட்டச் சொன்னதால்தான் டீ நல்லா இல்லாம போச்சு" என்கிறாராம்.

இன்று காலை நான் கடையில் இருந்தபோது பழைய தறிக்காரர் ஒருவர் வந்தார். அப்பா காலத்திலிருந்து வர டீதான் குடிப்பவர். கிளாஸை வாங்கி, பேப்பரைப் பிரித்து, பாதிப் பக்கம் படித்துவிட்டுக் கிளாஸைப் பார்த்தார். சாய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். கல்லாவிலிருந்த அப்பாவைப் பார்த்து, "என்னண்ணே, தேயிலையை மாத்திட்டீங்களா? மெழுகையே காணோம்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பாய்லரைப் பார்த்தேன்.